ஆரணியிலிருந்து திரும்பி வந்த பெட்டி

பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று திரௌபதியைக் கேட்டால், "அதுங்க பாட்டுக்கு அதுங்க இருக்குதுங்க, நம்ம பாட்டுக்கு நாம இருக்கறோம்" என்பாள். காட்டுக்குள் தனியாகக் கடுக்காய் பொறுக்கி வளர்ந்த மலைக்காரிக்குப் பயம் ஏது? அப்பேர்ப்பட்டவள் ஒரு செல்போன் மணியடித்தால் வெலவெலத்துப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? நான்கூட முதலில் நம்பவில்லை.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து அபிநயா ஆன்லைன் கடை நடத்துகிறாள். வேலூரில் படித்த அடிவாரத்துப் பெண். சாமை, தேன், புளி எல்லாம் விற்றாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது பிள்ளைப் பெட்டிதான். பச்சைக் குழந்தைக்கு வேண்டிய உரைகல், கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, சங்கு, பருத்தித் துணி, வசம்பு வளையல் எல்லாம் ஒரே பெட்டியில் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா. பெட்டி ஒன்று விற்றால் எல்லா டப்பாவின் கணக்கிலும் ஒவ்வொன்று தானாகக் குறையும். மற்றதெல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தாலும் ஒரு சாமான் தீர்ந்தால் போதும், பெட்டியே இல்லை என்று கடை கையை விரித்துவிடும். இந்தக் கணக்கை அங்கே கட்டிக் காப்பது திரௌபதி.

விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று அவள் வாயால் சொல்லமாட்டாள். 'பேர் சொல்லாதது' என்பாள். அபிநயா விடுவாளா? "அக்கா, பேர் சொல்லாததுக்கு ஸ்டாக் எத்தினி?" என்று ஆறு மணிக்கு மேல் வேண்டுமென்றே கேட்டுச் சிரிப்பாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வசம்பு வளையல் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. ஆர்டர்கள் காத்துக் கிடந்தன. அன்றைக்கென்று ஆரணியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. காரணம் என்று 'வேண்டாம்' என்பதைத்தான் தட்டியிருந்தார்கள். பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டி, ஆனால் உள்ளே ஒரு குறையும் இல்லை. முழுசாக வந்தால் பிரித்து அந்தந்த டப்பாவில் போட்டுவிடுவது கடை வழக்கம். திரௌபதியும் அப்படியே போட்டாள். மத்தியானமே புது வளையல் மூட்டை வந்து இறங்கியது, அதையும் அதே டப்பாவில் கொட்டினாள். கருப்பு நூலில் கோத்த வளையல்கள், ஒன்றுபோல் ஒன்று. சாயங்காலத்துக்குள் ஒரு வண்டி பெட்டி கட்டிக் கூரியரில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் கடை போனுக்கு ஓர் ஆண் குரல் வந்தது.

"ஆரணியிலேர்ந்து ஒரு பெட்டி திரும்பி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க."

"குழந்தை தவறிடுச்சும்மா. வூட்ல அதையே பாத்துப் பாத்து அழுவுறாளேன்னு நான்தான் அவளுக்குத் தெரியாம அனுப்பிட்டேன். அதுல ஒரு..."

திரௌபதி போனை அணைத்துவிட்டாள். கை அதுவாகவே அணைத்தது. சாவு விழுந்த வீட்டுச் சாமானைப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்! எந்த வீட்டுக்கு என்றும் தெரியாது. அந்த ஆள் மறுபடி இரண்டு முறை கூப்பிட்டான். மணியடித்து அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

அபிநயாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அவள் சிரித்தாலும் ஆகாது, அழுதாலும் ஆகாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாரக் கடைசியில் டப்பாவைக் கொட்டி எண்ணினாள். ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. கணக்கு அத்தனை சரியாக இருந்ததே, அதுதான் அவளைக் கொன்றது. கூடக்குறைய இருந்திருந்தாலாவது தேடிப் பார்த்திருக்கலாம். உச்சிப்பொழுதில் அறையில் தனியாக உட்கார்ந்து பெட்டிக்கு நூல் முடிச்சுப் போடும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்து நிற்கும். "அதுல ஒரு..." திரும்பிப் பார்த்தால் டப்பாக்கள் மட்டும் வரிசையாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் வசம்பு வாசம் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் அதே வாசம்.

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். பெட்டி போன வீட்டுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தாள். "சாமான் நல்லா வந்து சேந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக்கொள்வாள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கினால் போதும், அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கும். சத்தமே கேட்காவிட்டால், "குழந்தை தூங்குதுங்களா?" என்பாள். "ஆமாங்க" என்று பதில் வரும்வரை மூச்சு விடமாட்டாள். வாலாஜாவில் ஒரு வீட்டில் மட்டும் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. "இன்னாக்கா, கஸ்டமர் கேர்ல பின்றீங்க!" என்று அபிநயா பாராட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் சரிதாவின் போன் வந்தது.

சரிதா திரௌபதியின் தங்கை. தாயில்லாப் பெண்ணை இவள்தான் தூக்கி வளர்த்தாள், படவேட்டில் கட்டிக் கொடுத்தாள். இரண்டு குழந்தை பிறந்து இரண்டும் தங்கவில்லை. எட்டு வருஷம் கழித்து இப்போது ஓர் ஆண் குழந்தை. திரௌபதி பார்த்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அக்கா, உங்க ஓனரம்மா பெட்டி அனுப்பியிருக்குது, காசே வாங்கல! வளையல் போட்டுவுட்டேன், அளவு எடுத்த மாதிரி இருக்குது. ஆனா இவன்தான் நேத்துலேர்ந்து வீல் வீல்னு அழுதுக்கினே இருக்கறான்."

திரௌபதி படவேட்டுக்குப் போயிருந்த நாளில் அபிநயா தன் கையாலேயே கட்டி அனுப்பியிருக்கிறாள். அந்த டப்பாவிலிருந்து எடுத்துத்தான்.  திரௌபதி கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள். மலையிறங்கி, போளூரில் வண்டி மாறி, சந்தவாசல் தாண்டி அவள் போய்ச் சேரும்வரை அவள் வேண்டாத சாமியில்லை.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுக்கு இழைத்து ஊற்றியதில் வயிற்று உப்புசம் இறங்கிவிட்டதாம். திரௌபதி காதில் எதையும் வாங்கவில்லை. ஜன்னல் மேலிருந்த பிளேடை எடுத்துக் குழந்தையின் மணிக்கட்டருகே கொண்டுபோனாள். சரிதா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பைத்தியமாக்கா உனக்கு?"

மனதில் அழுத்திக் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள் திரௌபதி. "சாவு வூட்டு சாமான்டி இது. எங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்குது பாரு!"

சரிதா கையை விடவில்லை.

"சாவு வூடா? அப்போ என் வூடு இன்னாக்கா? ரெண்டு எடுத்துப் போட்டது இதே வாசல் வழியாத்தானே? அதுங்களைத் தூக்கின கைதான் இவனையும் தூக்குது. என்னியும் பிளேடு போட்டுக் கழட்டிடுவியா?" பிளேடை அவள் பிடுங்கிக்கொண்டாள். "அந்தப் பொம்பளைக்கு நீ ஒரு வார்த்தை பேசுனியா? எனக்கு ஆனப்போ ஊர்ல ஒருத்தியும் வாசப்படி மிதிக்கலை. அப்படித்தானே நீயும் போனை வெச்சே?"

 யார் யார் வீட்டுக் குழந்தைக்காகவோ இத்தனை நாள் உயிர் துடித்த திரௌபதி, அந்த ஒரு தாயை மட்டும் ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. செல்போனில் பழைய ஆர்டரைத் தேடி ஆரணி நம்பருக்குப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"பிள்ளைப் பெட்டி கடையிலேர்ந்து பேசறேம்மா..."

"வளையல் இருக்குதுங்களாக்கா?" அந்தப் பெண் குரலில் அத்தனை அவசரம். "எம் பொண்ணு கையில ஒரே ஒரு நாள் கெடந்துச்சுங்க. அவருக்குத் தெரியல, எல்லாத்தையும் சேத்துக் கட்டி அனுப்பிட்டாரு. மத்ததெல்லாம் வேணாம், அது மட்டும் குடுத்துடுங்க. அவ போட்டிருந்ததுன்னு எங்கிட்ட வேற ஒன்னுமே இல்லீங்க."

அந்த மனுஷன் அன்றைக்குக் கேட்க வந்தது இதைத்தான். இவள் முகம் சுளித்து ஓடிய சாமானை அங்கே ஒருத்தி கையேந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பொய் சொல்லி வேறொரு வளையலை அனுப்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? திரௌபதிக்கு மனசு ஒப்பவில்லை.

"கலந்துபோச்சும்மா. எதுன்னு எனக்கே தெரியல. அந்த மூட்டையே தீந்துபோச்சு, ஏதோ ஒரு குழந்தை கையில இருக்குது. என்னை மன்னிச்சுடும்மா."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நெடுநேரம் கேட்டது. திரௌபதி இந்த முறை போனை வைக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"அந்தக் குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

"ஒவ்வொரு வூட்டுக்கும் போட்டுக் கேட்டுட்டேம்மா. நல்லா இருக்குதுங்க. வாலாஜாவுல ஒரு வூட்ல மட்டும் எடுக்கல."

"யாரையும் கழட்டச் சொல்லாதீங்கக்கா. யார் கையிலயாவது கெடக்கட்டும். அந்த வாலாஜா வூட்டுக்கு மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க. எடுத்தா எனக்குச் சொல்லுங்க."

திரௌபதி இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். சாயங்காலமானால் ஆரணியிலிருந்து போன் வந்துவிடும்.

"எடுத்தாங்களாக்கா?"

"இல்லம்மா. நாளைக்குப் போட்டுப் பாக்கறேன்."