நிற்காத வாத்தியத்தில் ஒரு நிறுத்தம்

என் தங்கை பத்து வயதுவரை மூச்சிளைப்போடு மல்லுக்கட்டி ஜெயித்தாள். "பொம்பளைக்கு எதுக்கு பேக்பைப்?" என்ற அப்பாவை நான்கு வருடத்தில் ஜெயித்தாள். தீயணைப்புத் துறை இசைக்குழுவுக்கான முதல் இரண்டு தேர்வுகளையும் ஜெயித்தாள். மூன்றாவதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. இருந்தது ஒரே இடம். அவளுக்கு இருபத்தொன்பது வயது, பதினோரு மாதம். முப்பதைத் தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது.

தேர்வுக்கு எட்டு நாள் முன்பு வந்த இசைத்தாளில் சுரங்களின் தலையில் புள்ளிகள் இருந்தன. அதற்கு ஸ்டாக்காட்டோ என்று பெயர். சுரத்தை நறுக்கென்று வெட்டி, அடுத்ததற்கு முன் சிறு இடைவெளி விடவேண்டும். புல்லாங்குழலில் மூச்சை நிறுத்தினால் போதும். பேக்பைப்பில் ஊதி நிரப்பிய பையைக் கையால் அழுத்தி வாசிக்கவேண்டும்; பை நிறையக் காற்று. வாயை எடுத்தாலும் சத்தம் நிற்காது. முதல் நாள் பையை அழுத்தும் கையைத் தளர்த்திப் பார்த்தாள். வாத்தியம் ஊளையிட்டது.

"யாரை அறுக்குறே?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரைத்தான் அண்ணி."

நான்காம் நாள் வழி கிடைத்தது. இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒரு விரலைச் சட்டென்று எடுத்து வைத்தாள். இடையில் நுழைந்த அந்தப் பொடிச் சுரம், நீளும் சத்தத்தைக் கத்தரித்ததுபோல் காதை ஏமாற்றியது.

தேர்வன்று நான் சன்னலோரம் நின்றேன். அவளுக்கு முன் வாசித்த இருவரும் கையைத் தளர்த்தி ஊளையிடவைத்தார்கள். தேர்வாளர் டிரம்பெட் வாசிப்பவர்; மூச்சை நிறுத்தினால் நிற்கும் வாத்தியம் அது. இவள் முறை வந்ததும் இசைத்தாளைத் தட்டிக் காட்டினார்.

"ஏம்மா, புள்ளி வச்சிருக்குல்ல? சுரத்துக்குச் சுரம் நிறுத்தணும்."

"இதுல நிறுத்த முடியாது சார். நிறுத்தின மாதிரி கேக்க வைக்கலாம்."

வாயால் கெட்டாளே என்று நினைத்தேன்.

"அப்போ நான் எழுதினது தப்பா?"

"எழுதினது சரிதான் சார். கையைத் தளர்த்துறதுதான் தப்பு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி" என்றார்.

புள்ளி வைத்த சுரங்கள் நாற்பத்தெட்டு. எண்ணிக்கொண்டே வந்தேன்; ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

அவர் கண்ணைத் திறந்தார். "எங்கம்மா வெட்டினே? கை அசையலியே."

"விரல்ல சார்."

"இன்னொரு தரம் வாசி. பாத்துக்கிறேன்."

இரண்டாம் முறை முடிந்ததும், வேலையில் சேர்வோர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இசைக்குழுவின் வாத்தியக்காரராக அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 2009 ஜூன் 17, புதன்கிழமை.