வீட்டு அலமாரி இன்சூரன்ஸ் கம்பெனி

தெருவில் அவருக்குப் பெயர் 'கம்பெனி'. "கம்பெனி ஆபீஸ் கிளம்பியாச்சு", "கம்பெனி கார் கழுவுது பாரு" என்றுதான் பேச்சு. அவர் மனைவி மேனேஜரம்மா. குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் மனிதருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால் தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். மேனேஜரம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். ஒரு காலத்தில் அவளும் சிரித்தவள்தான். அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

மனிதர் கெட்டவர் இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம். அப்படிப்பட்டவர் எப்படியோ மனது வந்து, நாலு கை மாறிய ஒரு பழைய கார் வாங்கினார். அப்புறம் அந்தக் காருக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, கட்டிய பெண்டாட்டிக்கு நடந்ததில்லை. துடைத்துத் துடைத்துக் கதவின் நிறமே போய்விட்டது. ஓட்டுவது மட்டும் கட்டை வண்டி வேகம். சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் இன்சூரன்ஸ் கட்டினார். பிறகு ஒரு பஸ் உரசி, பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி உடைந்து விழுந்தது. ஆசை ஆசையாக நஷ்ட ஈடு கேட்டு எழுதிப் போட்டார். அவர்கள் தேய்மானம் என்று கொஞ்சம் கழித்தார்கள், விதிமுறை என்று கொஞ்சம் கழித்தார்கள். கையில் வந்தது டீச் செலவுக்குக்கூடக் காணாது.

"தேய்மானமாம்! கண்ணாடி என்ன செருப்பா, தேயறதுக்கு?" என்று மூன்று நாள் சோறு இறங்காமல் புலம்பினார். நாலாவது நாள் தெளிந்துவிட்டார். அப்படியே புலம்பிக்கொண்டு இருந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும்.

"இங்க பாரு," என்றார் மனைவியிடம். அவள் வாயில் குண்டூசியோடு பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் பணம் கட்டறேன். நான் யாரையும் இடிக்கறதே இல்ல. அப்ப அந்தப் பணம் யாருக்குப் போகுது? இடிக்கறவனுக்கு. ஊர்ல இருக்கற குடிகாரன் வண்டிக்கெல்லாம் நான் ஏன் தண்டம் அழணும்? இனிமே நானே கட்டறேன், நானே வாங்கிக்கறேன்."

"நீங்களே கம்பெனியா?"

"ஏன், கம்பெனிக்காரனுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

சொன்னதோடு விட்டாரா? அலமாரியில் துணிகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பா வைத்தார். அதுதான் கஜானா. அலுவலகத்தில் யாரும் பார்க்காதபோது கெட்டித் தாளில் ஒரு பாலிசி அச்சடித்தார். வட்டமாக ஒரு முத்திரையும் செய்துகொண்டார். 'தலைமை அலுவலகம்: படுக்கையறை அலமாரி, மேல்தட்டு' என்று அதில் அவர் போட்டிருந்ததைப் படித்துவிட்டு அவள் வாயிலிருந்த குண்டூசியை விழுங்கப் பார்த்தாள். மேனேஜர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். சிரித்துக்கொண்டே போட்டாள். "இது சட்டப்படி செல்லுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கணும்னுதானே சட்டம் சொல்லுது? யாருகிட்ட எடுக்கணும்னு சொல்லலையே!"

சட்டம் அதையும் சொல்லியிருந்தது. அவர் அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கவில்லை.

கம்பெனி நன்றாகத்தான் நடந்தது. முதலாளியும் அவர், வாடிக்கையாளரும் அவர், சண்டை வர வழி ஏது? வருஷக் கட்டணத்தை அவர் கொண்டு வந்து கொடுப்பார், அவள் டப்பாவில் போட்டு ரசீது கிழிப்பாள். ஆனால் ஒரு வருஷம் விபத்தில்லாமல் ஓடியதும், "எந்தக் கம்பெனியா இருந்தாலும் இடிக்காதவனுக்குத் தள்ளுபடி உண்டு" என்று டப்பாவில் கை விட்டு, காருக்கு சீட் உறை வாங்கினார். அடுத்த கோடையில் பாலிசிதாரர் என்ற முறையில் கடன் எடுத்து மின்விசிறி வாங்கினார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் தையல் மிஷினின் மோட்டார் புகைந்து போனபோது, மேனேஜரம்மாவும் கடன் மனு எழுதி, தானே ஒப்புதல் கொடுத்து, தானே எடுத்துக்கொண்டாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக டப்பா இளைத்தது.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசியில் எல்லாம் விடிந்தது அதன் தலையில்தான். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு தையல் மிஷின். ஊரில் பாதிப் பிள்ளைகளின் சீருடை அந்த முன்னறையில்தான் பிறந்தது. வீட்டுக் கடனின் ஒவ்வொரு தவணையும் அவள் மிதித்த மிதியில் வந்த காசு. ஆனால் தையல்காரிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஆபீஸ் சம்பளத்தைக் காட்டித்தான் வாங்க முடிந்தது. அதனால் பத்திரத்தில் அவர் பெயர், கால்வலி அவளுடையது. "யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வீடுதானே" என்று அவளும் விட்டுவிட்டாள். கடைசித் தவணை கட்டிய அன்று சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

போன கண்ணாடியை அவர் மாற்றவே இல்லை. 'முழுத் தொகையும் வரட்டும், மாத்திக்கலாம்' என்று அந்தப் பழைய கம்பெனியோடு ரோஷமாக இருந்தார். ரோஷம் போய் முடிந்த இடம், டயருக்குக் காற்றடிக்கும் கடை வாசல். காற்றடித்துவிட்டுப் பின்பக்கமாக வண்டியை எடுத்தார். கண்ணாடி இல்லாத பக்கமாக, ஸ்கூட்டரின் இரண்டு கைப்பிடியிலும் பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெயிண்டர் வந்துகொண்டிருந்தார். அவர் விழுந்தார், டப்பாக்கள் உருண்டன, சாலை முழுவதும் வெள்ளையாயிற்று. கார் பெயிண்டரின் கால்மேல் ஏறி, அங்கேயே நின்றது.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் பதறுவார்கள். இவர் பதறவில்லை. இன்ஸ்பெக்டர் இன்சூரன்ஸ் கேட்டதும், பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி பையிலிருந்து பாலிசியை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் படித்தார். ஏட்டைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். ஏட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"போலி ஆவணம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"போலி இல்ல சார், சொந்தம்! வேற எவனோட கம்பெனி பேர்லயாவது அடிச்சாத்தான் போலி. இது எங்க கம்பெனி. வேணும்னா மேனேஜரைக் கேளுங்க, வெளிய உக்காந்திருக்கா."

மேனேஜர் வெளியே பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கையெழுத்தை அவளிடமே காட்டி, "இது நீங்க போட்டதாம்மா?" என்று கேட்டார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. கார் ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடித்த வண்டிகளோடு சேர்ந்தது. லைசென்ஸ் மேஜை டிராயருக்குள் போனது. அவளை எச்சரித்து அனுப்பினார்கள், அவரை ஜாமீனில் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக அலமாரியைத் திறந்து டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். கொஞ்சம் சில்லறை, ஒரு ரப்பர் பேண்டு, மின்விசிறி வாங்கிய ரசீது.

"மேனேஜர்ங்கற முறையில கேக்கறேன்," என்றாள். "கம்பெனி திவாலா?"

"சேச்சே, திவால் இல்ல. வர வேண்டிய கடன் பாக்கி இருக்கு."

"யாரு தரணும்?"

அவர் சில்லறையை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். "நாமதான்."

மறுநாள் வக்கீலிடம் போனார்கள். வக்கீல் கதையைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓட்டினது ஒரு குத்தம். இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தினது இன்னொரு குத்தம். ஒரே தாள்ல ரெண்டு கேஸை வாங்கிட்டு வந்த கட்சிக்காரரை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"அபராதத்தோட போயிடுமா?"

"அபராதம் கொசு. நஷ்ட ஈடுதான் யானை. நிஜமான இன்சூரன்ஸ் இருந்திருந்தா அந்தப் பெயிண்டருக்குக் கம்பெனி குடுத்திருக்கும். இப்ப நீங்க குடுக்கணும். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி, இனிமே போக முடியாத நாளுக்குக் கூலி, வலிக்குத் தனி. எல்லாத்துக்கும் வட்டி."

"கையில இல்லேன்னா?"

"உங்க பேர்ல என்ன இருக்குன்னு கோர்ட் பாக்கும்."

அவளுக்குப் பொறி தட்டியது. வீடு. அவர் பெயரில் இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.  அந்த நேரத்தில் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார்.

"சார், அந்தப் பெயிண்டருக்கு எப்படியும் அம்பது வயசு இருக்கும். கால் ஏற்கெனவே கொஞ்சம் தேஞ்சிருக்கும்ல? தேய்மானம் கழிச்சுக்க முடியாதா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் புருஷன் நிஜமாகவே இன்சூரன்ஸ் கம்பெனி ஆகிவிட்டார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்து அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெயிண்டர் காலை மேலே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை பெயிண்ட் இருந்தது. யாரென்று சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நிதானம்மா," என்றார் பெயிண்டர். "மெதுவா வந்தாரு, மெதுவா இடிச்சாரு, மெதுவா ஏத்தினாரு. வேகமா வந்திருந்தா சட்டுனு ஏறி இறங்கிப் போயிருப்பாரு. நின்னு நிதானமா ஏத்தினதுலதான் எலும்பு மாவாயிடுச்சாம்."

அவள் அழுதுவிட்டாள். "மன்னிச்சிடுங்கண்ணே."

"மன்னிச்சாச்சும்மா. ஆனா மன்னிப்பை வெச்சு வீட்டு வாடகை குடுக்க முடியாதே. கேஸ் போட்டிருக்கேன், தப்பா நினைச்சுக்காதீங்க." தொங்கும் காலைக் காட்டிச் சொன்னார்: "இனிமே ஏணி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. பெயிண்டரை ஏணி ஏறாதேன்னா, சுவத்துல பாதிதான் அடிப்பேன். பாதிச் சுவருக்கு யாரும்மா கூலி குடுப்பா?"

கேஸ் நடந்தது. வாய்தா மேல் வாய்தா. பொய்ப் பாலிசிக்கு அபராதம் தனியாகப் போட்டார்கள். ஆபீஸில் அரசாங்கத் தாளையும் இயந்திரத்தையும் பயன்படுத்தியதற்காகப் பதவியில் ஒரு படி இறக்கினார்கள். காரை ஏலம் விட்டதில் வந்த காசு, அதை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்ததற்குக் கட்டவே சரியாகப் போயிற்று. கடைசியில் நஷ்ட ஈட்டுத் தொகையை நீதிபதி வாசித்தபோது, வீட்டு விலையில் முக்கால் பங்கு அதில் போய்விடும் என்று அவள் மனக்கணக்குப் போட்டுவிட்டாள். கட்டாவிட்டால் ஜப்தி, ஏலம். ஏலத்துக்குப் போனால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும், அதற்குள் நீங்களே விற்றுக் கட்டிவிடுங்கள் என்று வக்கீல் சொன்னார்.

"பத்திரத்துல என் பேர் இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இருந்திருந்தா இதைத் தொட்டிருக்க மாட்டாங்கம்மா," என்றார் வக்கீல். அன்று வழி முழுவதும் அவள் புருஷனோடு பேசவில்லை. வீடு வந்ததும் வாய் ஓயும் வரை பேசினாள். தவணை கட்டிய ஒவ்வொரு வருஷத்தையும் சொல்லிச் சொல்லிக் கேட்டாள்.  

வீட்டுத் தரகர் வந்து பார்த்துவிட்டு, "சுவரெல்லாம் மங்கிக் கிடக்கு. ஒரு பூச்சு அடிச்சீங்கன்னா நல்ல விலை வரும்," என்றார். ஆள் வைத்து அடிக்கக் காசு எங்கே இருக்கிறது? இருவரும் முழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கைத்தடி சத்தம் கேட்டது. பெயிண்டர்.

"தரகர் சொன்னாரு," என்றார். "கூலி வேணாம். வீடு நல்ல விலைக்குப் போனாத்தானே என் காசு முழுசா வரும்? கீழ்ப்பாதி நான் அடிக்கறேன். மேல்பாதிக்கு உங்க வீட்டுக்காரரை ஏறச் சொல்லுங்க."

அப்படித்தான் நடந்தது. பெயிண்டர் முக்காலியில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து அடித்தார். 'கம்பெனி' வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏணி ஆடியது. பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து சார், பாத்து. நீங்க விழுந்தா என் காசு போச்சு." மேனேஜரம்மா மிஷின்களைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். வாடகைக்குப் பார்த்திருந்த அறையில் ஒரு மிஷின்தான் கொள்ளும். எதை விற்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

சுவர் காய்வதற்கு முன்பே வீடு வாங்க ஒருவர் தன் மனைவியோடு வந்துவிட்டார். முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். பூச்சு வெளுவெளு என்று இருந்தது. கீழ்ப்பாதி வழவழ என்றும், மேல்பாதி கொஞ்சம் திட்டுத் திட்டாகவும் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப லட்சணமா இருக்கேம்மா! வெளிச்சம், காத்து எல்லாம் இருக்கு. இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விக்கறீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பெயிண்டர் ஒரு காலை நீட்டிக்கொண்டு பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏணியின் உச்சியில் அவள் புருஷன் அசையாமல் நின்றிருந்தார்.

"பெயிண்டருக்குக் காசு குடுக்கணும்," என்றாள்.

வாங்க வந்தவர் அதை நல்ல வேடிக்கை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.