செவ்வந்தி வெட்டச் சொன்ன புளியமரம்

செவ்வந்தி எனக்கு மகள் முறை. அவள் அப்பன் பழனியும் நானும் ஒரே பாட்டனுக்குப் பேரப்பிள்ளைகள். பழனி சாவதற்கு முன்னால் நிலத்தை மகன் சின்னதம்பிக்கு விட்டான். இருந்த இரண்டு புளியமரங்களில் நிலத்து நடுவில் நின்றதை மகனுக்கும் ஓடையோரத்து மரத்தை மகள் செவ்வந்திக்கும் காட்டிவிட்டுப் போனான். பெண்ணுக்கென்று கொடுத்த மரத்தின் காயைப் பிறந்த வீடு தொடாது. எங்கள் மலையில் அது ஒரு கட்டுப்பாடு.

செவ்வந்திக்குப் பேச்சு நன்றாக வரும். ஊரில் விவசாயிகள் குழு என்று ஒன்று அமைத்தபோது அவளைத்தான் தலைவியாகப் போட்டார்கள். அப்புறம் சாமை விதைத்தால் மானியம் என்று வந்தது. விதைத்த பரப்பை அளந்துதான் கொடுப்பார்கள். மரத்து நிழலில் சாமை எழும்பாது என்பதால் அந்த இடத்தைக் கழித்துவிடுவார்கள். செவ்வந்தி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"ண்ணா, நடு நிலத்துல அந்த மரம் எதுக்கு? சாமைக்குத்தான் இப்ப மானியம். மரத்துக்கு இன்னா தர்றாங்க? வெட்டிப் போடு."

"வருசம் தவறாம காய்க்கிற மரம்மா அது," என்றாள் அண்ணி வடிவு.

"நீங்க சும்மா இருங்கண்ணி. நான் ஆபீசுல விசாரிச்சிட்டுத்தான் வர்றேன்."

தங்கச்சி பேச்சைச் சின்னதம்பி தட்டியதில்லை. வெட்டிவிட்டான்.

அந்த வருடம் மலை முழுக்க சாமை. விலை இறங்கியது. உமியோடு இருக்கிற சாமை வருடக்கணக்கில் கெடாது. அடுத்த வருடம் விற்றுக்கொள்ளலாம் என்று கட்டி வைத்தோம். எல்லா ஊரிலும் அதே யோசனைதான். மறுவருடம் பழசும் புதுசும் சேர்ந்து செங்கம் சந்தைக்கு இறங்கின. செங்கத்து வியாபாரி சின்னதம்பியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சின்னதம்பி, மலையவே மூட்டை கட்டி எறக்கிட்டீங்களா? வூட்டுக்கே தூக்கினு போ. வைக்க எடமில்ல."

தூக்கிக்கொண்டு வந்தான். படுக்க இடமில்லாமல் வடிவு மூட்டைகளின் மேலேயே பாய் விரித்தாள். செவ்வந்தியிடம் இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சோறாவது இறங்கியிருக்கும்.

பிறகு மானியத்தையே மாற்றினார்கள். வேளாண்மை ஆபீசிலிருந்து கல்பனா மேடம் வந்து கூட்டம் போட்டார்.

"வெளஞ்சது தேங்கிக் கெடக்குதுங்க. இனிமே சாமையக் கொறைக்கிறவங்களுக்குத்தான் மானியம். மரம் நிக்கிற நெலத்துல துவரை, கொள்ளு போடுங்க. நெழலக் கழிக்க மாட்டோம்."

சின்னதம்பி எழுந்தான். "மேடம், அடிக்கட்டையும் மரத்துல சேருமாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செவ்வந்திக்கும் வாய் வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"கன்னு வைங்க, வளந்ததும் சேத்துக்கலாம்," என்றார் மேடம். புளியங்கன்று என்றைக்கு வளர்ந்து என்றைக்குக் காய்ப்பது?

மாசியில் புளி பழுத்தது. செவ்வந்தி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை.

"ண்ணா, என் மரத்த நீ எடுத்துக்கோ. ஒன் மரத்த நான்தான சாய்ச்சேன்."

"ஏம்மே, தங்கச்சி பங்க தின்னவன்னு ஊரு பேசவா?"

"பாதியாவது எடுத்துக்கண்ணா."

"வாணாம்."

வடிவு குறுக்கே வந்தாள். "இந்த வருசம் மரம் ஏற ஆள் வெச்சிட்டியா, செவ்வந்தி?"

"இல்லண்ணி."

"அப்ப இவரையே கூப்புடு. வூட்டுக்குப் புளி ஒரு துளி இல்ல."

மறுநாள் சின்னதம்பி கூலிக்கு வந்தான். சொந்தத் தங்கச்சி மரத்தில் ஏறி, தடியால் கிளை கிளையாக அடித்தான். கீழே அவள் பொறுக்கினாள். நான் சாக்குப் பிடித்தேன். மரம் ஏறியவனுக்குப் புளியாகவே கூலி கொடுப்பது வழக்கம். செவ்வந்தி கூடையில் அளந்து அவன் சாக்கில் கொட்டிவிட்டு, மேலே இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். அவன் அந்த இரண்டு கையையும் எடுத்துத் திரும்ப அவள் குவியலில் போட்டான்.

"ஊரு ஆளுக்கு இன்னா தருவியோ, அதத் தா."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். செவ்வந்தி காலிக் கூடையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்க்க முடியாமல் நான் கீழே உதிர்ந்து கிடந்த புளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.