உங்கட பேரிலையே பதியுங்கோ

வாட்ஸ்அப்பில் நான் எழுதிய ஒரே ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புளியங்கூடலில் நானும் நான்கு பெண்களும் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியல் மா செய்து விற்கிறோம். பைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு காணிக்கும் உறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். கிழங்கு விளைகிற எங்கள் குடும்பக் காணியின் பெயரையே பைக்கும் வைத்தோம். கொஞ்சக் காலத்தில் லண்டனில் இருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி மா கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரில் இணைய முகவரி ஒன்று பதிய நினைத்தேன். வெளிநாட்டுக்குக் காசு கட்டுகிற அட்டை என்னிடம் இல்லை. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகனிடம் கேட்டேன். அண்ணை உடனே சம்மதித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டு எழுதினார்.

"ஆரின்ரை பேரிலை பதியிறது? உம்மட பேரிலையோ?"

ஓம் என்று எழுதியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் உதவி செய்ய வந்த மூத்தவரிடம், என் பேரில் போடுங்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். "உங்கட பேரிலையே பதியுங்கோ அண்ணை, எங்களுக்குள்ளை என்ன?" என்று எழுதினேன். அவரும் தன் பேரில் பதிந்தார்.

மூன்று வருடம் அந்த முகவரி வழியாகத்தான் எங்களுக்கு வேலை வந்தது. பிறகு ஒரு மாதம் ஒருவரும் மா கேட்கவில்லை. அந்த முகவரியைத் திறந்து பார்த்தால் அதே பெயர், வேறு பை. மாவும் எங்களிடம் வாங்கினது இல்லை. தொலைபேசியில் அண்ணையைப் பிடித்தேன்.

"நீர் அனுப்பிற மா காணாது, சனம் இன்னும் கூடக் கேக்குது. அந்தக் காணியிலை பாதி என்ரை அம்மாவின்ரை சீதனம்தானே? பேர் எனக்கும் சொந்தம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். இப்படியான பிணக்குக்கென்று ஒரு விதிமுறை இருக்கிறது, நீதிமன்றம் ஏறத் தேவையில்லை, ஒரு நடுவர் குழு எல்லாவற்றையும் மின்னஞ்சலிலேயே விசாரிக்கும் என்றார். மூன்று விஷயத்தைக் காட்ட வேண்டுமாம். பெயர் எங்கள் வணிகக் குறி. அவருக்கு அதில் உரிமை இல்லை. கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்தார், கெட்ட எண்ணத்தோடுதான் பயன்படுத்துகிறார், இரண்டும் வேண்டும்.

வணிகக் குறியாக அந்தப் பெயரை நாங்கள் பதிந்திருக்கவில்லை. இருந்தாலும் பழைய பைகள், பற்றுச்சீட்டுகள், வாங்கினவர்களின் கடிதங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். முதல் விஷயத்தை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணை அனுப்பியது இரண்டே இரண்டு: பெரியம்மாவின் சீதன உறுதி, ஆங்கில மொழிபெயர்ப்போடு என்னுடைய வாட்ஸ்அப் வரி. இன்றைக்கு அவர் செய்வது எப்படியிருந்தாலும், பதிந்த நாளில் கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்டவில்லை, முறைப்பாடு செய்தவரே அவர் பேரில் பதியச் சொல்லியிருக்கிறார், ஆகவே முகவரி அவரிடமே இருக்கும் என்று தீர்ப்பு வந்தது.

அது உண்மைதான். அன்றைக்கு அந்த மனிசனிடம் ஒரு கள்ளமும் இருக்கவில்லை. பிறகு வந்த ஆசையை நானே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த அண்ணை, ஒன்றும் நடக்காதது போல எங்கள் வீட்டுக்கும் வந்தார். கதிரையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தார்.

"வீட்டுச் சாப்பாட்டுக்கு உம்மட மாதான் சரி. அஞ்சு கிலோ தாருமன்."

வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏலாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"அதுக்கென்ன அண்ணை."

நல்ல மாவாகப் பார்த்து அளந்து, கட்டி நீட்டினேன். அவர் கைத்தொலைபேசியைத் தூக்கி, "கொஞ்சம் சிரியும்" என்றார். சிரித்தேன்.

அடுத்த கிழமை அந்த முகவரியைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் நான் நிற்கிறேன், சிரித்துக்கொண்டு மாவை நீட்டியபடி.