கூட்டினால் எட்டு வருகிறது

நான்கு இடங்களின் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து எண் கொடுப்பது என்று எங்கள் கம்பெனியில் முடிவானபோது, இதைவிடச் சுலபமான வேலை இல்லை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற கம்பெனி அது. சூளையும் ஆபீசும் இங்கே. திட்டக்குடியிலும், அதற்குப் பக்கத்து மங்களூரிலும் (கர்நாடக மங்களூர் இல்லை), கருவேப்பிலங்குறிச்சியிலும் குடோன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று வயரில் மாட்டிய ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் வேண்டும். நீளமான அந்த முகவரியில் கடைசி எண்தான் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் ஒன்று ஊமையாகிவிடும். அதுவரை அந்தந்த ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவு என்று இருந்த ஒரே ஆள் நான். மூன்று மாதம் பஸ்ஸில் அலைந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் எண் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் ஏற்றினேன். இனி என்னைக் கேட்காமல் யாரும் எண்ணைத் தொடக்கூடாது என்று நாலு இடத்திலும் தொண்டை வலிக்கச் சொன்னேன்.

யார் கேட்டார்கள்? கருவேப்பிலங்குறிச்சியில் பில் போடும் அம்மா, "எட்டு வேணாங்க மேடம். எட்டு போட்ட அன்னிக்கே பிரிண்டரு மக்கர் பண்ணுது" என்றார். திட்டக்குடிக் கணக்கர் அதுகூடச் சொல்லவில்லை. தனக்குக் கொடுத்த பதினேழைத் தானே பதினெட்டாக மாற்றிக்கொண்டார். பதினெட்டு குடோன் கேமராவின் எண். கேமரா போயிற்று. போனில் பிடித்தேன்.

"ஒண்ணும் ஏழும் எட்டாவுது இல்லீங்களா? பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். இந்த நேரத்துல எட்டு எதுக்கு?"

"வர மாப்பிள்ள உங்க கம்ப்யூட்டருக்கா சார் தாலி கட்டப் போறாரு?"

கத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நல்லதுதான் என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சூளையில் வில்லங்கம் ஆரம்பித்தது. சூளையின் வெப்பத்தை அளந்து ஆபீஸ் திரைக்கு அனுப்ப அங்கே ஒரு சின்னப் பெட்டி உண்டு. திரையில் அது கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடு காலை பத்து மணிவாக்கில் அறுந்துபோய், மத்தியானத்துக்கு மேல் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் இல்லை, தினமும். முதலாளி, சூளையைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டார்; எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். நானும் அறையில் இருந்தேன்.

"நான் வந்து உக்காந்தா கோடு நிக்குது. பெட்டிய அணைச்சிட்டு எங்க போற நீ?"

"எங்கயும் போவலீங்க மொதலாளி. அரை மணிக்கொரு தபா நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

"நோட்டுல ஆயிரம் எழுதலாம்."

திங்கட்கிழமையிலிருந்து மங்களூர் குடோனில் சரக்கு ஏற்றப் போகச் சொல்லிவிட்டார். அண்ணன் பதினைந்து வருடமாகச் சூளையில் நின்றவர். ஊர் மாறுவதுகூடப் பெரிதில்லை. சூளையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றினவன் என்று பேராகிவிடும். அதற்குப் பிறகு இந்தப் பீங்கான் பேட்டையில் வேறு எவனும் அவரைச் சூளைப் பக்கம் விடமாட்டான்.

மறைப்பானேன், எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். என் பட்டியலில் தப்பே வராது என்கிற திமிர். வெள்ளிக்கிழமை காலை, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் பட்டியலையும், எந்த எண் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் திரையையும் திறந்துவைத்து உட்கார்ந்தேன். சூளைப் பெட்டியின் எண் பதினான்கு. பத்தேகாலுக்குக் கோடு நின்றது. ஆனால் பதினான்கு உயிரோடு இருந்தது! பெட்டியை அணைத்திருந்தால் எண்ணும் அல்லவா போயிருக்க வேண்டும்? வேறு ஏதோ ஒன்று அந்த எண்ணில் உட்கார்ந்திருந்தது. எது என்று தேடினேன். முதலாளியின் லேப்டாப். அதற்கு நான் கொடுத்திருந்தது இருபத்தாறு.

அவர் அறைக்குப் போனேன். "சார், லேப்டாப் நம்பர மாத்தினீங்களா?"

"ஆமாம்மா. நீ குடுத்தது ரெண்டும் ஆறும் எட்டு. எனக்கு அஞ்சுதான் ராசி. காரு, போனு எல்லாமே கூட்டினா அஞ்சு வரும். மச்சான்தான் பதினாலு போட்டுக் குடுத்தாரு." பெருமையாகச் சொன்னார்.

கணக்கரிடம் அப்படிக் கத்தின வாய், இங்கே பசை போட்டு ஒட்டினது போல இருந்தது. என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"சார், பதினாலு சூளைப் பெட்டியோட நம்பரு. நீங்க லேப்டாப்ப தொறந்தா அங்க கோடு நின்னுடுது, மத்தியானம் மூடினா ஓடுது. அண்ணன் மேல தப்பு இல்ல சார். வேணும்னா அணைச்சிப் பாருங்க."

அணைத்தார். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அந்தப் பெட்டிக்கு வேற நம்பர் குடுத்துடு."

"அண்ணன மங்களூர் போகச் சொன்னது சார்..."

"அத நான் பாத்துக்கறேன். நீ போ."

லேப்டாப்பின் பதினான்கை மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. தப்பே செய்யாத பெட்டியின் எண்ணை மாற்றினேன். மாற்றி முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மங்களூரு போவ வேணாமாம்மா. மொதலாளி கூப்பிட்டு, இந்த ஒரு தபா மன்னிச்சி வுட்டேன், இனிமே ஒழுங்கா இருன்னாரு."

"மன்னிச்சாரா? எதுக்குண்ணே மன்னிக்கறது?" என்று ஆரம்பித்து, லேப்டாப், ராசி, பதினான்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். நானும் அவரைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நான் அணைக்கலன்னு எனக்குத் தெரியாதாம்மா? நான் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன்."

"அப்ப அவர்கிட்ட என்னண்ணே சொன்னீங்க?"

"இனிமே அப்பிடி செய்ய மாட்டேங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். "சூளை எரியுது, வரேம்மா."