புயலுக்குப் பிறகு ஒரு குரல்

வாழ்வையும் இயற்கையையும் வாழ்த்துகிற மாபெரும் இசை நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு ஒரு மனிசனை அடித்து முறிக்கத்தான் கை துடித்தது. அந்த மனிசன் என் அக்காவின் புருஷன்.

நூறு பேருக்கு மேல் பாடினோம். கோயிலில் பாடுகிறவர்கள், சேர்ச்சில் பாடுகிறவர்கள், ஆசிரியைகள், தாதிகள் எல்லாரும் கலந்த கூட்டம். வயலின்களும் மத்தளமும் பறையும் ஒரே மேடையில். வாவியில் பொழுது விடிவதில் பாட்டுத் தொடங்கும். நடுவில் புயல் வரும். கடைசியில் நெல்லுச் சூடடிக்கிற களத்தில் 'பொலியோ பொலி' என்று எல்லாத் தொண்டையும் சேர்ந்து முழங்கும். புயல் ஓய்ந்ததும் வாத்தியங்கள் எல்லாம் நிற்க, முறிந்த மரத்தின் முதல் துளிரை ஒரு குரல் தனியே பாட வேண்டும். அந்த இடம் அக்காவுக்குக் கிடைத்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அடியும் ஏச்சும் தவிர அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

செட்டிபாளையத்தில் எங்கள் இருவர் வீடும் ஒரே வளவுக்குள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். மச்சானும் அப்படி வந்தவர்தான். வந்தவர் அதை வசதியாக மறந்துவிட்டார்.

நிகழ்ச்சியன்று மத்தியானம் அலறல் கேட்டு ஓடினேன். அக்கா நிலத்தில் கிடந்தாள். மேலுதடு வெடித்து இரத்தம் கொட்டியது. வாயைப் பார்த்துத்தான் மச்சான் குத்தியிருக்கிறார்.

"ஆம்புளையளோட நிண்டு கத்தப் போறாளாம். போனா இந்த ஊட்டுப் படி மிதிக்கப்படாது, சொல்லிட்டன்!" என்றார்.

நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அவர் தோளில் போட்டேன். தடி முறிந்தது. அவர் தள்ளிய தள்ளில் சுவரில் மோதி என் முழங்கை உரிந்தது. இன்னொன்று போட ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். அக்கா எழுந்து, ஈரத்துணியை வாயில் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"வா புள்ள, பஸ் போயிரும்."

மண்டபத்தில் பாட்டை அமைத்த மிஸ் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "வேற ஆள் பாடட்டும், நீங்க இருங்க" என்றார்.

"இல்ல மிஸ். நான்தான் பாடுவன்."

புயல் வந்தது. பறைகள் இடித்தன, வயலின்கள் கீறின. மேடைப் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது. நான் பாடவில்லை, மச்சானை நினைத்துக் கத்தினேன். எனக்கு வெட்கமே இல்லை. பிறகு எல்லாம் சட்டென்று நின்றது.

அக்கா பாடினாள். ஒத்திகையில் கேட்ட அந்த இனிமை இல்லை. குரல் கரகரத்தது, ஆனால் சுருதியை விடவில்லை. மேல் ஸ்தாயிக்கு வாய் திறந்தபோது உதடு மறுபடி பிளந்தது. இரத்தம் நாடியில் வழிந்து வெள்ளைச் சேலையில் சொட்டியது. துடைத்தால் மூச்சு அறுந்துவிடும் என்று துடைக்காமலே பாடி முடித்தாள். முன்வரிசையில் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். 'பொலி' தொடங்கியும் நான் பாடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைக்கிற மைம்மல் நேரம் வீட்டுக்கு வந்தோம். அக்கா வீட்டுக் கதவு உள்ளே பூட்டிக் கிடந்தது.

"பாடின இடத்திலேயே போய்ப் படு!" உள்ளேயிருந்து மச்சான் கத்தினார்.

அக்கா விறகுக் கொட்டிலுக்குப் போய்க் கோடாலியோடு வந்தாள். முதல் வெட்டில் பலகை பிளந்தது. அம்மா பாலைப் பலகையில் செய்வித்துக் கொடுத்த கதவு அது.

"விசரி! கதவ உடைக்காத!"

"கதவு என்ட. நான் வெட்டுவன்."

பூட்டுக் கழன்று விழும்வரை வெட்டினாள். உள்ளே போய் அவருடைய சாரங்களையும் சட்டைகளையும் அள்ளி முற்றத்தில் வீசினாள். அவருடைய பெட்டியும் பின்னால் பறந்து வளவு மதிலில் மோதித் திறந்தது. கோடாலி இன்னும் கையில் இருந்ததால் மச்சான் கிட்டே வரவில்லை.

"ஊட்டுப் படி மிதிக்கப்படாதெண்டு சொன்னீங்க. சரி. இறங்குங்க."

முற்றத்தில் நின்று மச்சான் கேட்டார், மெதுவாக: "நான் எங்க போற?"

அவர் பிறந்த வீட்டை அவருடைய தங்கச்சிக்கு எழுதி எவ்வளவோ காலம்.

"ஒங்கட தங்கச்சிட்டக் கேளுங்க" என்றாள் அக்கா.

பிறகு கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டு, உதட்டைத் துடைத்து, கதவு பிளந்த வீட்டுக்குள் போய் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.