மேஜை விரிப்புக்குக் கீழே

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு மின்சாரம் போயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் அது ஒரு செய்தியே இல்லை. விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். ஆனால் அன்று எங்கள் கூடத்தில், தையல் மெஷின் மேல், ஒரு தேயிலைப் பெட்டிக்குள் ஆறு முட்டைகள் இருந்தன. அவற்றுக்குத் தாய் தகப்பன் எல்லாம் ஒரு நாற்பது வாட் பல்புதான். அது அணைந்துவிட்டது.

முட்டைகள் ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகளுடையவை. மறுநாள் அவை பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள்; அன்று காலைதான் அவள் பள்ளியில் கண்காட்சி.

அந்தப் பெண்கள் பள்ளியில் கண்காட்சி என்றால் மேஜை விரிப்புதான். கிளி, ரோஜா, அன்னம் என்று வரிசையாகத் தொங்கும். ‘மாணவியர் கைவண்ணம்’ என்று அட்டை எழுதி வைத்திருப்பார்கள். அத்தனையும் அம்மாக்களின் கைவண்ணம் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், எல்லா டீச்சர்களுக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மகள் மேடையேறி வாங்கி வந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அவள், “உனக்குப் பரிசு போதும்மா, இனிமே நான் வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றாள். பள்ளிக்கு அறிவியல் மன்றம் வேண்டுமாம். கோழி இல்லாமல், பல்பின் சூட்டிலேயே முட்டையிலிருந்து குஞ்சு வரவழைத்துக் காட்டுவாளாம். தலைமை ஆசிரியை என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒரு குஞ்சு வரட்டும், மன்றம் உண்டு. வரலைன்னா அடுத்த வருஷம் மறுபேச்சில்லாம மேஜை விரிப்பு. என்ன சொல்றீங்க?”

நான் என்ன சொல்வது? அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். மகளைப் பார்த்தும் ஆட்டினேன்.

மின்சாரம் போனபோது மகள் பள்ளியில் மேஜை அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவருக்கு இரண்டாம் ஷிப்ட். நான் மட்டும் பெட்டியின் முன்னால். உள்ளே வெப்பமானியில் பாதரசம் இறங்கிக்கொண்டே வந்தது. கம்பளியைப் போர்த்தினேன். வெந்நீரைச் செம்பில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதிகச் சூடாகிவிடுமோ என்று பயந்து எடுத்தேன். ஆறிவிடுமோ என்று மறுபடி வைத்தேன். ஒரு முட்டையைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளே டொக்கென்று ஏதோ தட்டிற்று.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆறையும் முந்தானையில் முடிந்துகொண்டு பின்தெருவுக்கு நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் உடையும். அங்கே ஓர் அக்கா நிறையக் கோழி வைத்திருந்தார்.

“அக்கா, உங்க கோழி ஏதாவது அடைக்கு உட்கார்ந்திருக்கா?”

“கீது ஒண்ணு, கறுப்பி. முட்டைய எல்லாம் நாங்க துன்னுட்டோம். அது மட்டும் வெறுங்கூடைய உட்டு எயுந்திரிக்காம குந்திகினு கீது. இன்னாத்துக்குக் கேக்குற?”

முந்தானையை அவிழ்த்தேன்.

“ஐயே! லைட்டு போட்டு குஞ்சு வுடறேன்னு உம் பொண்ணு சொல்லிகினு திரிஞ்சாளே, அதுவா இது? பொறக்கறதே கண்ணு கூசிகினு பொறக்கும்மா!”

“கொஞ்ச நேரம்தான் அக்கா. கரண்ட் வந்ததும் எடுத்துக்கறேன்.”

“எட்த்துக்கோ, எனக்கின்னா. கறுப்பி குடுத்தா எட்த்துக்கோ.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மின்சாரம் வந்தது, மகளும் வந்தாள். இருவரும் போய்க் கையை நீட்டினோம். கறுப்பி என் சுட்டுவிரலைக் கொத்திய கொத்தில் ரத்தம் வந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. மகள் துண்டைச் சுற்றிக்கொண்டு முயன்றாள். கோழி இறகைச் சிலிர்த்து இரண்டு மடங்கானது. அக்கா முறத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இதுக்கு மேல இழுத்தா ஒடஞ்சிடும்மா” என்றாள் மகள். சற்று நேரம் கோழியையே பார்த்தாள். “கோழியோடயே கூட்டிட்டுப் போயிடலாம்.”

“எங் கோழி இஸ்கோலுக்குப் போவுது, நான் மட்டும் ஊட்ல குந்திகினு இருப்பனா?” என்றார் அக்கா.

மறுநாள் காலை பவுடர் பூசி, பூ வைத்து, மடியில் கூடையோடு ரிக்‌ஷாவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது மகள் என்னுடைய இரண்டாம் பரிசு விரிப்பைக் கேட்டாள். அம்மாவின் அருமை ஒருவழியாகத் தெரிந்ததே என்று நெகிழ்ந்துபோய்க் கொடுத்தேன். பள்ளியில்தான் விஷயம் புரிந்தது. மேஜை மேல் பல்பு எரியும் காலிப் பெட்டி. கீழே கூடையும் கோழியும். அதை மறைத்துக்கொண்டு தரைவரை என் அன்னங்கள்.

“கேட்டாங்கன்னா என்னடி சொல்லுவ?”

“கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்கலைன்னா எதுக்கும்மா?”

சிறப்பு விருந்தினர் ஏதோ தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. தலைமை ஆசிரியையோடு ஒவ்வொரு கிளியாகப் பார்த்து முடித்து எங்கள் மேஜைக்கு வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“பல்பு இருக்கு. முட்டை எங்கேம்மா?”

கீழேயிருந்து ‘கொக்’ என்றது. அவர் குனிந்து விரிப்பைப் பார்த்தார்.

“இந்த அன்னம் பேசுதே!”

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மகள் விரிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

“நேத்து கரண்ட் போயிடுச்சு சார். இது மாற்று ஏற்பாடு.”

அதிகாரி சத்தமாகச் சிரித்தார். “எங்க தொழிற்சாலையிலும் ஜெனரேட்டர் இருக்கு. இப்படி முறைக்காது.”

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. “கோழி அடைகாக்கறதை எந்தத் தெருவிலும் பாக்கலாம். இதில் அறிவியல் எங்கே இருக்கு?”

மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

அக்கா முன்னால் வந்தார். “இத்தினி நாளும் அது லைட்டு சூட்லதான் கெடந்துது டீச்சரம்மா. எங் கறுப்பி ஒரு ராத்திரி காவலு, அவ்ளோதான்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “ஆனா குஞ்சு எனக்குத்தான்.”

“எந்தக் குஞ்சு?” என்றார் தலைமை ஆசிரியை. “குஞ்சு எங்கேம்மா இருக்கு? பேசினபடி அடுத்த வருஷம்...”

கறுப்பி எதற்கோ இடது இறக்கையைச் சற்றே தூக்கியது. அதன் கீழிருந்து, ஈரம் காயாத ஒரு தலை ஆடி ஆடி வெளியே வந்தது. ஓட்டுத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் ஒன்றும் கூசவில்லை. தலைமை ஆசிரியையை நேராகப் பார்த்து அது சொன்னது:

“கீச்.”